தங்கத் துகளுக்குப் புரதப் போர்வை

சென்ற இதழில் நானோ மருந்துகளைப் பற்றி எழுதியபோது, இரத்தத்தில் செலுத்தப்படும் நானோ துகளைப் புரதங்கள் உடனே மூடிக்கொள்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைக் குறித்தே இம்முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சிட்ரேட் முறையில் தங்க நானோ கூழ்மம் தயாரித்தோம். செந்நிறமான அந்தக் கூழ்மத்தில் உப்புக் கரைசல் விட்டதும் அது நீலமாகிவிட்டது. முட்டை வெள்ளைக்கருவை நீர்த்துச் சேர்த்திருந்த குழாயில் அதே அளவு உப்பு விட்டும் சிவப்பு மாறவில்லை. ஆனால் வெள்ளைக்கருவை மிகச் சிறிதளவே சேர்த்த மூன்றாவது குழாய், உப்பு விடுவதற்கு முன்பே ஊதா நிறம் காட்டத் தொடங்கிவிட்டது. புரதம் கூழ்மத்தைக் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா? கல்லூரியில் இருக்கும் எளிய கருவிகளைக் கொண்டு, துகளின் மேல் புரதம் படிந்திருப்பதைக் காண வழி உண்டா?
(கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: மூன்றாவது குழாயைக் கழுவி ஊற்றிவிடாமல் கவனித்து எழுதியதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். உங்கள் மூன்று குழாய்களிலும் இந்தத் துறையின் பாதி அடங்கியிருக்கிறது.

தங்க உப்புக் கரைசலைச் சிட்ரேட்டோடு கொதிக்கவைக்கும் சிட்ரேட் முறையில் பொதுவாகக் கிடைக்கும் தங்கத் துகள்களின் விட்டம் 15 முதல் 20 நானோமீட்டர் வரை இருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அவற்றின் மேல் சிட்ரேட் அயனிகள் படிந்திருப்பதால் எல்லாத் துகள்களும் எதிர்மின்சுமை பெற்று, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் தனித்தனியே மிதக்கின்றன. தனித்திருக்கும் தங்கத் துகள் 520 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நம் கண்ணுக்குக் கூழ்மம் சிவப்பாகத் தெரிகிறது. உப்பை விட்டவுடன் சோடியம் அயனிகள் அந்த எதிர்மின்சுமையை மறைத்துவிட, துகள்கள் நெருங்கி ஒட்டிக் கொத்தாகிவிடுகின்றன. கொத்தான தங்கம் உறிஞ்சும் ஒளி நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது. அதனால்தான் நீலம்.

இரண்டாவது குழாயில் புரதம் தாராளமாக இருந்தது. உப்பு வருவதற்குள் ஒவ்வொரு துகளும் முழுதாகப் போர்த்திக்கொண்டுவிட்டது. பிறகு உப்பு மின்சுமையை மறைத்தாலும், போர்வை குறுக்கே நிற்பதால் தங்கம் தங்கத்தைத் தொட முடியவில்லை. மூன்றாவது குழாயில் புரதம் எல்லாத் துகள்களையும் மூடப் போதாது. வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின் என்றாலும், அதில் லைசோசைம் என்ற சிறிய புரதமும் உண்டு. லைசோசைம் சாதாரண நீரில் வலுவான நேர்மின்சுமை கொண்டது. எதிர்மின்சுமையுள்ள இரண்டு துகள்களுக்கு நடுவில் அது பாலம்போல் அமர்ந்து, இரு பக்கமும் பற்றி இழுத்துவிடுகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை அளவில்தான் இருக்கிறது. போதிய புரதம் காக்கிறது. போதாத புரதம் துகள்களைக் கோத்துக் கெடுக்கிறது.

இந்தக் காக்கும் ஆற்றலை எண்ணால் அளக்க 1901ஆம் ஆண்டிலேயே வழி கண்டவர் ரிச்சர்ட் சிக்மொண்டி. 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர் இவர். 10 மில்லிலிட்டர் செந்நிறத் தங்கக் கூழ்மத்தில் 10 சதவீத உப்புக் கரைசலை 1 மில்லிலிட்டர் விடும்போது, நிறம் மாறாமல் தடுக்க எத்தனை மில்லிகிராம் காப்புப் பொருள் தேவையோ அதுவே அப்பொருளின் தங்க எண் என்று வேதியியல் பாடநூல்கள் சொல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஜெலட்டினுக்கு அது 0.005 முதல் 0.01 வரை, உருளைக்கிழங்கு மாவுக்கு ஏறக்குறைய 25. ஜெலட்டின் ஒரு புரதம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்த எண்தான், புரதம் நானோ துகளின் மேல் எவ்வளவு நன்றாகப் படிகிறது என்பதற்கு உலகில் கிடைத்த முதல் அளவுகளில் ஒன்று என்பதை நம் வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வெகுநாள் வருத்தம்.

புரதம் ஏன் ஒட்டுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வலுவான பிணைப்பால் அது ஒட்டுவது அரிது. புரதத்தின் வெளிப்பரப்பில் நேர்மின்சுமைத் திட்டுகள், எதிர்மின்சுமைத் திட்டுகள், நீரை விலக்கும் திட்டுகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. துகளின் பரப்பை அணுகும்போது அவற்றில் பொருந்துகிற பல இடங்கள் ஒரே சமயத்தில் தொடுகின்றன. ஒவ்வொரு தொடுகையும் வலுவற்றதுதான். ஆனால் ஒன்று விட்டாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருப்பதால் புரதம் எளிதில் கழன்று போவதில்லை. இரத்தப் புரதமான அல்புமின் மொத்தத்தில் எதிர்மின்சுமை உடையதாக இருந்தும், அதேபோல் எதிர்மின்சுமை உடைய சிட்ரேட் தங்கத்தின் மேல் நன்றாகப் படிகிறதென்றால் அதன் காரணம் இதுதான். அதன் உடலில் ஆங்காங்கே உள்ள, நேர்மின்சுமை கொண்ட லைசின் என்ற அமினோ அமிலத் திட்டுகள் தங்கத்தின் பக்கம் திரும்பிக்கொள்கின்றன. சிஸ்டீன் என்ற மற்றோர் அமினோ அமிலத்தில் உள்ள கந்தகமும் தங்கத்தைப் பற்றக்கூடியது. இவற்றோடு, பரப்பையும் புரதத்தையும் ஒட்டி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த நீர் மூலக்கூறுகள் விடுபட்டுச் சிதறுவதும் இந்த ஒட்டுதலுக்குப் பெரும் துணை செய்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: இரத்தத்தில் எண்ணற்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றுள் எவை துகளின் மேல் இடம் பிடிக்கின்றன? மிகுதியாக இருப்பதே மிகுதியாக ஒட்டும் என்று கொள்ளலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் இருக்கிறது. இரத்தம் உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜன் 2 முதல் 4 கிராம்தான். ஆயினும் பல பரப்புகளில் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ஃபைப்ரினோஜன் போன்றவை தங்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் இடம் பிடித்திருக்கும். எண்ணிக்கையில் மிகுதியாகவும் உருவில் சிறிதாகவும் இருப்பவை முதலில் வந்து சேர்கின்றன. பின்னர், குறைவாக இருந்தாலும் அந்தப் பரப்போடு இறுகப் பொருந்தக்கூடியவை வந்து, முன்பு அமர்ந்தவற்றை எழுப்பிவிட்டு உட்காருகின்றன. கல்யாணப் பந்தியில் ஓடிப்போய் முதலில் உட்கார்ந்த சிறுவர்களை எழுப்பிவிட்டுச் சம்பந்தி வீட்டாரை அமர்த்துவது போன்றது இது.

இந்த இடமாற்றத்துக்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். 1915ஆம் ஆண்டு நெதர்லாந்தின் கௌடா நகரில் பிறந்த லியோ வ்ரோமன், 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பின்போது நாட்டைவிட்டு வெளியேறி, அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்து, போருக்குப் பின் அமெரிக்காவில் இரத்த ஆய்வாளராக வாழ்ந்தவர். 1962இல் அவர் வெளியிட்ட ஆய்வு, திண்மப் பரப்பு நீரில் நனையும் தன்மையை அதன் மேல் படிந்த புரதங்கள் எவ்வாறு மாற்றிவிடுகின்றன என்பதைக் காட்டியது. பரப்பில் படிந்த ஃபைப்ரினோஜனைப் பிளாஸ்மாவிலுள்ள கினினோஜன் என்ற புரதம் பெயர்த்துவிடுவது பின்னர் தெரியவந்தது. அவர் டச்சு மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவரும்கூட. 2014இல் காலமாகும்வரை ஒரே மனிதர் இரண்டு வேலைகளையும் விடாமல் செய்தார் என்பதை, அறிவியல் வேறு இலக்கியம் வேறு என்று பிரித்துவைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றே இதை இங்கே எழுதுகிறேன்.

வ்ரோமன் பார்த்தது தட்டையான பரப்புகளை. நானோ துகளின் மேல் உருவாகும் இந்தப் படலத்துக்கு 2007இல் டப்ளின், லுண்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் புரதக் கொரோனா என்று பெயரிட்டார்கள். கொரோனா என்றால் மகுடம். தமிழில் புரத மகுடம் என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு, நடப்பதை அப்படியே சொல்லும் போர்வை என்ற சொல்லே பிடித்திருக்கிறது. இதில் உள்ளடுக்கு, வெளியடுக்கு என இரண்டு உண்டு. பரப்பை இறுகப் பற்றியிருக்கும் உள்ளடுக்குப் புரதங்கள் மணிக்கணக்கில் நிலைத்திருக்கும். அவற்றின் மேல் தளர்வாகத் தங்கியிருப்பவை நொடிகளிலோ நிமிடங்களிலோ வந்து போய்க்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் எவ்வளவு விரைவாக நடக்கின்றன என்பது வியப்பூட்டும். சிலிக்கா, பாலிஸ்டைரீன் துகள்களை மனிதப் பிளாஸ்மாவில் இட்டு 2013இல் ஒரு குழுவினர் ஆராய்ந்தபோது, அரை நிமிடத்துக்குள்ளாகவே ஏறக்குறைய 300 வகைப் புரதங்கள் துகளின் மேல் இருந்தன. நேரம் செல்லச் செல்ல ஒவ்வொன்றின் அளவு கூடியும் குறைந்தும் மாறியதே தவிர, வந்தவர் பட்டியல் பெரிதாக மாறவில்லை. முன்னால் சொன்ன பந்தி உவமையை அளவோடு கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதையும் சொல்கிறேன்.

கேள்வி: புற்றுநோய் அணுக்களை மட்டும் தேடிச் சென்று தாக்கும் நானோ மருந்து என்று இருபது ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். என் கடையில் அப்படி எதுவும் வந்து சேரவில்லையே, ஏன்?
(மருந்தாளுநர், மதுரை)

பதில்: அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் பொருளோடு தொடர்புடைய ஒன்று மிக முக்கியமானது. துகளின் மேல் டிரான்ஸ்ஃபெரின் போன்ற ஒரு புரதத்தைப் பொருத்தி அனுப்பினால், அதைப் பற்றிக்கொள்வதற்கான புரதங்களான ஏற்பிகளை மிகுதியாகக் கொண்டுள்ள புற்றுநோய் அணுக்கள் அதைப் பற்றிக்கொள்ளும் என்பது திட்டம். சோதனைக் குழாயில் அது அழகாக நடக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபெரின் பொருத்திய சிலிக்கா துகள்களை உறைபொருள் நீங்கிய இரத்த நீரான சீரத்தில் இட்டபோது, சீரத்தின் புரதங்கள் அந்த முகவரிச் சீட்டின் மேலேயே படிந்து அதை மறைத்துவிட்டன என்றும், துகள் தனக்குரிய அணுக்களை அடையாளம் காணும் திறனை இழந்துவிட்டது என்றும் 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முகவரி எழுதிய உறையின் மேல் வேறு காகிதத்தை ஒட்டிவிட்டால் அஞ்சல்காரர் என்ன செய்வார்?

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது இதையே வேறு வடிவில் பட்டறிந்தேன். சிலிக்கா நானோ துகள்களை உயிரணு வளர்ப்புத் தட்டில் விட்டபோது ஒரு வாரம் அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மறு வாரம் அதே துகள், அதே அளவு, அணுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. துகளைத்தான் பல நாள் சந்தேகித்தேன். கடைசியில் குறிப்பேட்டைப் புரட்டியபோது, முதல் வாரம் சீரம் இல்லாத ஊடகத்தையும் மறு வாரம் 10 சதவீத சீரம் கலந்த ஊடகத்தையும் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. போர்வை இல்லாத துகள் அணுவின் சவ்வோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு மிகுதியாக உள்ளே போகும். போர்த்திய துகள் அவ்வாறு ஒட்டுவதில்லை. அன்றிலிருந்து ஒரு நானோ துகள் நச்சா இல்லையா என்று யாராவது என்னிடம் கேட்டால், எதில் கலந்து கொடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். உடல் அணு பார்ப்பது தொழிற்சாலையில் செய்த துகளை அன்று, இரத்தத்தில் போர்த்திக்கொண்ட துகளை.

உங்கள் கடைக்கு வராவிட்டாலும் மருத்துவமனைகளில் நெடுநாளாக இருக்கும் ஒரு நானோ மருந்து உண்டு. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் குமிழி பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீர்விரும்பும் இழைகளால் சூழப்பட்டிருக்கிறது. இந்த இழைகள் புரதங்களை நெருங்கவிடாமல் தடுப்பதால்தான், கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் துகளைக் கண்டுகொள்வதில்லை என்று வெகுகாலம் நம்பினோம். 2016இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைத் திருத்தியது. இந்த இழைகள் போர்த்திய துகள்களைப் பிளாஸ்மா படாமல் விழுங்கணுக்களிடம் கொடுத்தால் அவை நன்றாகவே விழுங்கப்படுகின்றன. பிளாஸ்மாவில் தோய்ந்த பிறகுதான் தப்புகின்றன. கிளஸ்டரின் என்ற புரதம் அவற்றின் மேல் மிகுதியாகப் படிவதே அவற்றை மறைக்கிறது என்று அந்தக் குழுவினர் கண்டார்கள். புரதம் ஒட்டாமல் இருப்பதால் மட்டும் துகள் தப்புவதில்லை. தகுந்த புரதம் ஒட்டுவதாலும் தப்புகிறது.

கேள்வி: ஆர்.என்.ஏ. மருந்துகள் பலவும் கல்லீரல் தொடர்பான நோய்களுக்கே வருவதைக் கவனித்தேன். அது தற்செயலா?
(செவிலியர், சென்னை)

பதில்: தற்செயல் அன்று. பணியிடத்தில் கண்டதை வைத்து இப்படி ஒரு கேள்வி எழுப்பியதற்கு நன்றி.

ஆன்பாட்ரோ என்ற பெயரில் விற்கப்படும் பாட்டிசிரான் மருந்து 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் பரம்பரைப் பழுதால் உருக்குலைந்து நரம்புகளில் படியும் நோய்க்கு இது தரப்படுகிறது. அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கல்லீரல். ஆகவே அதைத் தடுக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு கல்லீரல் அணுக்களுக்குள் சேர வேண்டும். ஆர்.என்.ஏ.யைத் தனியாகச் செலுத்தினால் இரத்தத்திலேயே சிதைந்துவிடும் என்பதால் 100 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கொழுப்புத் துகளுக்குள் அடைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிரை வழியே இரத்தத்தில் ஏற்றுகிறார்கள்.

அந்தத் துகளின் மேல் கல்லீரலின் முகவரி எதையும் யாரும் பொருத்தவில்லை. அங்கேதான் இதன் அழகு இருக்கிறது. துகளைச் சூழ்ந்துள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகள் குட்டையான கொழுப்பு வாலால் மட்டுமே ஊன்றப்பட்டிருப்பதால், இரத்தத்தில் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. வெளிப்படும் கொழுப்புப் பரப்பின் மேல், நம் உடல் கொழுப்பைச் சுமந்து செல்லப் பயன்படுத்தும் அப்போலிப்போபுரதம் ஈ வந்து படிகிறது. கல்லீரல் அணுக்கள் தங்கள் ஏற்பிகளால் அந்தப் புரதத்தைப் பற்றி, வழக்கமான கொழுப்புச் சுமை என்று எண்ணித் துகளை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. இந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளில் இத்தகைய துகள்கள் வேலை செய்யவில்லை என்றும், அதே புரதத்தை முன்கூட்டியே துகளோடு கலந்து கொடுத்தால் மீண்டும் வேலை செய்தன என்றும் 2010இல் நிறுவப்பட்டது. மதுரை மருந்தாளுநருக்கு எழுதிய பதிலில் முகவரியை மறைத்த அதே போர்வை, இங்கே முகவரியை எழுதிக் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு துகளை வடிவமைப்பதே இன்று இத்துறையில் செய்ய வேண்டிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நுரையீரலுக்கோ மண்ணீரலுக்கோ ஆர்.என்.ஏ.யை அனுப்ப முயல்வோரும், கொழுப்பின் கலவையை மாற்றி வேறு புரதங்களை ஈர்க்கும் வழியைத்தான் ஆராய்ந்துவருகிறார்கள்.

கேள்வி: துகள் புரதத்தைப் போர்த்திக்கொள்கிறது, சரி. புரதத்துக்கு ஏதும் ஆகிறதா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஆகக்கூடும். சில புரதங்கள் உருவம் கெடாமல் அமர்கின்றன. சில மடிப்பு அவிழ்ந்துவிடுகின்றன. 4, 20, 100 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்களின் மேல் லைசோசைமைப் படியவிட்டுப் பார்த்த ஆய்வில், துகள் பெரிதாகப் பெரிதாக லைசோசைமின் சுருள்கள் மிகுதியாகக் குலைந்தன. பெரிய துகளின் பரப்பு ஏறக்குறையத் தட்டை. அதில் படியும் புரதத்துக்குத் தொடும் இடம் அதிகம், இழுபடும் விசையும் அதிகம். ஆனால் இதையே எல்லாப் புரதங்களுக்கும் விதியாக்கிவிடக் கூடாது. பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய தங்கத் துகள்கள் ஃபைப்ரினோஜனின் மடிப்பை அவிழ்த்து, உள்ளே மறைந்திருந்த ஒரு பகுதியை வெளிக்காட்டிவிடுகின்றன என்றும், நோயெதிர்ப்பு அணுக்கள் அதைப் பற்றி அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன என்றும் 2011இல் கண்டறிந்தார்கள். ஃபைப்ரினோஜன் ஒட்டிய எல்லாத் துகள்களும் அப்படிச் செய்யவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். எந்தப் புரதம் ஒட்டியிருக்கிறது என்பதோடு, எந்தக் கோலத்தில் ஒட்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சித்த மருந்தான தங்க பற்பத்தில் நானோ தங்கம் இருக்கிறது என்கிறார்கள். இரத்தத்தில் செலுத்தும் தங்கத் துகள் ஆய்வுகள் அதற்கும் பொருந்துமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அப்படியே பொருத்த முடியாது. பற்பம் வாய்வழியே போகிறது. உமிழ்நீர்ப் புரதங்களைக் கடந்து, இரைப்பையின் அமிலத்திலும் பெப்சினிலும் நனைந்து, குடலில் பித்தநீரையும் சளிப்படலத்தின் மியூசினையும் சந்திக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் போர்வை மாறும். ஆகவே இரத்த ஆய்வு ஒன்றை மேற்கோள் காட்டிப் பற்பத்தைப் புகழ்வதும் தவறு, பழிப்பதும் தவறு.

முடிவாக, திருச்சிராப்பள்ளி மாணவியின் இரண்டாவது கேள்வி.

பெரிய ஆய்வகங்களில் துகள்களைப் பிளாஸ்மாவில் ஊறவைத்து, மையவிலக்கியில் சுழற்றி அடியில் படியச் செய்து, பலமுறை கழுவி, மிச்சமுள்ள புரதங்களைக் கழற்றி அளவுவாரியாகப் பிரிய ஜெல்லில் ஓட்டியும், மூலக்கூறுகளை எடைபோடும் நிறை நிரல்மானியில் இட்டும் இனம் காண்கிறார்கள். கழுவும்போதே தளர்வான வெளியடுக்கு போய்விடுவதால், கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் உள்ளடுக்கு மட்டுமே. உங்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் புறஊதா–கட்புல நிறமாலைமானி கல்லூரியில் இருந்தால் போதும். முதலில் வெறும் கூழ்மத்தின் உறிஞ்சல் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 520 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். பிறகு மாட்டுச் சீர அல்புமின் கரைசலைச் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி அளவிடுங்கள். உச்சம் சில நானோமீட்டர் மட்டும் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்ந்து, வடிவம் கெடாமல் கூர்மையாகவே இருந்தால், தங்கத்தைச் சுற்றி இருந்த நீரின் இடத்தில் புரதம் வந்துவிட்டது என்று பொருள். உச்சம் அகன்று தாழ்ந்து, 600 நானோமீட்டருக்கு மேல் ஒரு தோள் எழுந்தால், துகள்கள் கொத்தாகிவிட்டன. வெள்ளைக்கருவை விட்டுவிட்டு அல்புமினைக் கேட்டு வாங்குங்கள், லைசோசைமின் குறுக்கீடு இருக்காது. பத்துக் குழாய்களில் புரதத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். உப்பை மட்டும் எல்லாக் குழாய்களிலும் கடைசியில், ஒரே அளவில் விடுங்கள். எந்தக் குழாயிலிருந்து சிவப்பு நிலைக்கிறது என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.